ரயிலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? – நேரக்காப்பாளர் பதில்கள்

“நம் ஊர்ப் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்?” என்ற தலைப்பில் கேள்வி அனுப்பும்படி இந்தப் பத்திரிகையில் சென்ற மாதம் கேட்டிருந்தார்கள். வந்த கடிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் ஆசிரியர். நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. 1979-ல் திருநெல்வேலியில், கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்தேன். பாதி வேலைக்காலம் பஸ் படிக்கட்டில் போனது. மீதி, நேரக்காப்பாளர் அறையின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால். 1997-ல் கழகத்தின் பெயர் மாறியது, என் நாற்காலி மாறவில்லை. 2013-ல் ஓய்வு. இப்போது பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, பேரனைப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய் வருகிறேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்ததும் வெளியேயிருந்து பார்ப்பதும் என்று இரண்டு கணக்கு என்னிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

நல்ல பேருந்து நிலையம் என்றால் எது? ஒரே வரியில் சொல்லுங்கள் ஐயா.
*(ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்)*

நேரக்காப்பாளர் ஜன்னலில் ஆள் நிற்காத நிலையம்.

டீச்சர் கேட்ட ஒரு வரி முடிந்தது. விளக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, விளையாட்டாக ஒரு காரியம் செய்தேன். ஜன்னலில் வந்து கேட்டவர்களின் கேள்விகளை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு பக்கம் நிரம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மொத்தமே மூன்று கேள்விகள்தான். பஸ் எங்கே நிற்கும்? போய்விட்டதா, இனிமேல்தானா? கழிப்பறை எங்கே இருக்கிறது? மூன்றாவது கேள்வியைப் பெண்கள் நேராகக் கேட்பதில்லை. “இங்கே தண்ணீர் வசதி எங்கே இருக்கிறது?” என்பார்கள். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மூன்றுக்கும் சுவரே பதில் சொல்லிவிட்டால் அந்த நிலையத்தைக் கட்டியவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம். நம்மிடம் பலகை இல்லாமல் இல்லை. “தென்காசி” என்று எழுதியிருக்கிறது. எந்த வழியாக? ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று போகிற தென்காசியா, சேரன்மகாதேவி, அம்பை, கடையம் என்று சுற்றுகிற தென்காசியா? வீரவநல்லூரில் இறங்க வேண்டிய கிழவி ஆலங்குளம் வழிப் பஸ்ஸில் ஏறிவிட்டால் பாதி வழியில் இறங்கி, வெயிலில் எதிர்ப்பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். நாகர்கோவில் நடைமேடையில் தினமும் நடக்கும் வழக்கு உங்களுக்குத் தெரியும்: “நாங்குநேரி ஊருக்குள் போகுமா, பைபாஸா?” பாதிப் பேர் இதைக் கேட்பதற்காகவே ஏறி, நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

பலகையில் ஊர்ப்பெயரைவிட வழி முக்கியம். இன்னொன்றும் உண்டு. பலகையைத் தூணில் கண்மட்டத்தில் அடிக்கிறார்கள். முதலில் வந்து நிற்பவர் முதுகு அதை மறைத்துவிடும். அதன் பிறகு அது அவருக்குச் சாய்ந்துகொள்ளத்தான் உதவும். நின்ற பஸ்ஸுக்கு மேலே தெரிகிற உயரத்தில், இரண்டு பக்கமும் எழுத்தோடு, தலைக்கு மேல் தொங்க வேண்டும். இரவில் விளக்கு அந்த எழுத்தின் மேல் விழ வேண்டும். கோபுர விளக்கு போட்டு ஆகாயத்தை வெளிச்சமாக்குகிறோம், பலகை இருட்டில் கிடக்கிறது.

ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பழக்கத்தை எப்படி ஒழிப்பது?
*(வாசகர், முக்கூடல்)*

துண்டு போடுபவரைத் திட்டிப் பயனில்லை. நானே போட்டிருக்கிறேன், அதுவும் காக்கிச் சட்டையோடு. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாதவன் இந்தப் பஸ்ஸை விடமாட்டான். “அடுத்த வண்டி 12 நிமிடத்தில்” என்று ஒரு திரையில் ஓடி, அது நான்கு நாள் சொன்னபடி வந்தும் காட்டட்டும். ஐந்தாம் நாள் துண்டு தோளிலேயே இருக்கும். சொன்னபடி வராவிட்டால் அந்தத் திரை இல்லாமலிருப்பதே மேல்.

ரயிலில் வந்து இறங்கினால் திருநெல்வேலிச் சந்திப்பு. வெளியூர்ப் பஸ்ஸுக்கு வேய்ந்தான்குளம் போக வேண்டும். பெட்டி படுக்கையோடு அலைகிறோம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்க முடியாதா அண்ணாச்சி?
*(வாசகர், மகாராஜ நகர்)*

முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு காலத்தில் நமக்கு அப்படித்தான் இருந்தது. ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில் பஸ். தலைக்கு மேல் 1973-ல் திறந்த ஈரடுக்குப் பாலம். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு அல்வாக் கடைக்குள் நுழைவார்கள். பிறகு ஊர் பெருத்தது. பஸ்கள் சந்திப்புக்குள் நுழையவே கால் மணி நேரம் என்றாயிற்று. புதிய நிலையம் வேய்ந்தான்குளத்துக்குப் போனது. நெரிசலைக் கண்ணால் கண்டவன் என்பதால் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பஸ்ஸை நகர்த்தியவர்கள் ரயில் அங்கேயே நிற்கிறது என்பதையும் நினைத்திருக்கலாம் என்றுதான் சொல்லுவேன்.

நாம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. சென்னையில் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் பேருந்து முனையம் திறந்தார்கள். பிரமாதமான கட்டடம். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிற்க நிலையம் கிடையாது. நம் ஊரிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்து போனவர்கள் விடியற்காலையில் இறங்கி, கண்ணெதிரே போகும் மின்சார ரயிலைப் பார்த்துக்கொண்டு, மாநகரப் பஸ்ஸைத் தேடினார்கள்.

இதற்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழை இரவு. ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த ஒரு நிலையத்தில் எனக்கு இரவுப் பணி. கடைசி டவுன் பஸ் புறப்பட வேண்டிய நேரம். மதுரைப் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் இன்னும் வரவில்லை. அதில் தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இந்தப் பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஓட்டுநர் என்ஜினை ஓட விட்டுக்கொண்டு ஹாரனில் கை வைத்தபடி என்னைப் பார்க்கிறார். நான் வழிச்சீட்டில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எட்டு நிமிடம். ரயில் ஊதும் சத்தம் கேட்டது. பிறகு ஆள்கள் ஓடி வந்தார்கள். தலையில் சாக்கு, கையில் செருப்பு. பத்தமடைப் பாய்ச் சுருளை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குழந்தையைப் போல் அணைத்தபடி ஒரு பெண். பதினான்கு பேர் ஏறினார்கள், எண்ணினேன். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. “ரயில் தாமதம்” என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ரயிலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் கெட்டவர் இல்லை. அவரிடமிருந்த கோப்பில் ரயில் என்ற ஒரு சொல்லே கிடையாது. யோசித்துப் பாருங்கள்: ரயில் மத்திய அரசுடையது. பஸ் மாநில அரசின் கழகத்துடையது. பஸ் நிற்கிற நிலையம் மாநகராட்சி, நகராட்சிக்குச் சொந்தம். ஆட்டோ அவரவருடையது. ரயில் நிலைய வாசலிலிருந்து பஸ் படிக்கட்டு வரைக்கும் உள்ள அந்த இருநூறு முந்நூறு அடி யாருக்குச் சொந்தம்? அந்த இடத்தில்தான் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. நிலையம் கட்ட யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதல் செங்கல்லை அந்த இருநூறு அடியில் வைக்கச் சொல்லுவேன். கூரை போட்ட நடைபாதை, பெட்டிச் சக்கரம் உருளும் தரை. முகப்பு வளைவையும் கல்வெட்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்தில் 1982 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கால அட்டவணைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரிய சந்திப்புகளில் ரயில்கள் எல்லாம் மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்னால் வந்து சேரும். இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு ஆள்கள் மாறுவார்கள். மணி அடித்துச் சில நிமிடத்தில் எல்லாம் புறப்படும். மலைக்கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் தபால் பஸ்களின் நேரமும் அந்த ரயில்களை ஒட்டியே இருக்கும். ரயிலின் கால அட்டவணையை வைத்துப் பஸ்ஸின் அட்டவணையை எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தை. இதைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அந்த மெமோதான் நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்க முடியாவிட்டால், இரண்டு இடத்தையும் கட்டும் கயிறாவது உறுதியாக இருக்க வேண்டும். சந்திப்பிலிருந்து வேய்ந்தான்குளத்துக்கு இடைவிடாமல் பஸ் ஓடுகிறது என்று சொன்னால் போதாது. ரயில் வாசலிலேயே நிற்க வேண்டும், பெட்டி வைக்க இடம் உள்ள பஸ்ஸாக இருக்க வேண்டும், விடியற்காலை மூன்று மணிக்கும் இருக்க வேண்டும்.

மாணவிகள் பார்வையில் உங்கள் இலட்சிய நிலையத்தைச் சொல்ல முடியுமா? நாங்கள் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம்.
*(ஒரு கல்லூரி மாணவி, களக்காடு)*

மகளே, உங்கள் இரண்டாவது வாக்கியம் என்னைச் சுட்டுவிட்டது. என் மனைவியும் அப்படித்தான். திருச்செந்தூர் போவது என்றால் முதல் நாள் இரவு எட்டு மணியோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள். முப்பது ஆண்டுகள் பேருந்து நிலையத்தில் வேலை பார்த்தவன் மனைவி!

ஆண் ஒருவன் சொல்லும் பட்டியல் எப்படியிருக்கும் என்று தெரிந்ததால் அவளையே கேட்டேன். சமையலறையிலிருந்தபடியே சொன்னாள். கதவுக்குத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் விழுகிற ஓட்டை. உள்ளே எரிகிற விளக்கு. குழாயில் தண்ணீர், அதன் கீழே வாளி, வாளியில் கப். “அப்புறம் ஒரு கொக்கி” என்றாள். எதற்கு என்று கேட்டேன். கைப்பை, சாப்பாட்டுப் பை, குடை எல்லாவற்றையும் ஈரத்தரையில் வைக்க முடியுமா, பல்லில் கடித்துக்கொண்டா இருக்க முடியும் என்றாள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற இடத்தில் பத்து ரூபாய்க் கொக்கி கிடையாது. இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தோன்றியதும் இல்லை.

2015-ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். நல்ல காரியம், நாட்டுக்கே முன்மாதிரி. ஊர் பெயர் வேண்டாம், ஒரு நிலையத்தில் அந்த அறைக்குள் துடைப்பமும் பினாயில் டின்னும் அடுக்கிப் பூட்டு போட்டிருந்ததைப் பார்த்தேன். சாவி யாரிடம் என்று கேட்டால் “காலையில் இருந்தவரிடம்” என்றார்கள். பூட்டில் துரு ஏறியிருந்தது. காலையில் இருந்தவர் எந்த ஆண்டுக் காலையில் இருந்தாரோ!

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் வெளியே வருகிற பெண்கள் கூட்டத்தை எந்த நிலையத்திலும் பார்க்கலாம். அந்தக் கணக்கைப் பார்த்துக் கழிப்பறை அறைகளையும் கூட்ட வேண்டும். ஆணுக்கு எத்தனையோ பெண்ணுக்கும் அத்தனை என்று சமமாகக் கட்டுவது நியாயம் போலத் தோன்றும். சேலை கட்டியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஆகும் நேரத்தை நினைத்தால் பெண்கள் பக்கம் ஒன்றரை மடங்காவது வேண்டும். வாசலும் பின்பக்கச் சந்தில் இருக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் தெரிகிற இடத்தில், கடைசிப் பஸ் போகிற வரைக்கும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்துக்கு எஸ்கலேட்டர் தேவையா?
*(வாசகர், வள்ளியூர்)*

ஓடுகிற எஸ்கலேட்டர் நல்லது. நின்றுபோன எஸ்கலேட்டர், படிக்கட்டை விட உயரமான படிக்கட்டு.

தரையில் பதிக்கும் மஞ்சள் நிறப் புள்ளி ஓடுகள் எதற்கு என்று பலருக்குத் தெரியவில்லை. அதன் மேல் பைக்கை நிறுத்துகிறார்கள். பார்வையற்றவர்களுக்கான வசதிகள் குறித்து எழுதுங்கள்.
*(பார்வைச் சவால் உள்ள வாசகர், பாளையங்கோட்டை)*

உங்கள் கடிதத்தை உங்களுக்காக எழுதிக்கொடுத்தவர் அடியில் “நானும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்” என்று சேர்த்திருக்கிறார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த ஓடுகளை 1965-ல் ஜப்பானில் செய்யிச்சி மியாக்கே என்பவர் உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் பக்கத்துத் தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் “நட” என்று பொருள். புள்ளி இருந்தால் “நில், இங்கே ஏதோ மாறுகிறது”: படி, நடைமேடை விளிம்பு, திருப்பம். மஞ்சள் நிறம், பார்வை மங்கியவர்களுக்குத் தெரிவதற்காக. அழகுக்கு என்று நினைத்துச் சாம்பல் நிறத்தில் பதிப்பவர்கள் பாதிப் பயனைக் கெடுக்கிறார்கள்.

பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் தொடங்கியது என்பதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. திங்கட்கிழமை காலையிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வருவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒலிபெருக்கி வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு அதே செய்தி எழுத்தில் வேண்டும். அறிவிப்புப் பலகையும் வேண்டும், அறிவிப்பாளர் குரலும் வேண்டும். ஒன்று இருந்தால் ஒன்று போதும் என்ற பேச்சு இந்த ஊரில் எடுபடாது. விளம்பரச் சத்தத்துக்கு நடுவே பஸ் அறிவிப்பைத் தேட வைப்பதும் எடுபடாது.

ஒரு நிலையத்தில் இந்த மஞ்சள் பாதையின் மேலேயே காலை வைத்து வேண்டுமென்று நடந்து பார்த்தேன். அழகாக நாற்பது அடி போனது. நாற்பத்தொன்றாவது அடியில் ஒரு பூக்கடையின் மேசை. கண் உள்ள நானே இடித்துக்கொண்டேன்.

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். நம் ஆள்கள் இடத்தை மிச்சம் பிடித்து நான்கடியில் முடித்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினால் இறங்கும்போது தானாக ஓடும். பஸ் படிக்கட்டு அதைவிட மோசம். சாதாரணப் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரம், ஒரு சிறு பிள்ளையின் நெஞ்சளவு. தாழ்தளப் பஸ்ஸில் 400. பிரேசிலில் குரிடிபா என்ற ஊரில் 1991-ல் வேறு விதமாக யோசித்தார்கள். பஸ்ஸைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் வடிவத்தில் நிறுத்தங்கள் கட்டி, தரையை பஸ் தளத்தின் உயரத்துக்கு உயர்த்தினார்கள். டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே வாங்கிவிட வேண்டும். பஸ் வந்ததும் கதவிலிருந்து ஒரு பலகை விழும்; வீட்டுக்குள் அறை மாறுவது போல நடந்து ஏறலாம். எங்கள் நடத்துநர் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் முழங்கால் இன்னும் பத்தாண்டு உழைத்திருக்கும்.

எங்கள் ஊர்ச் சாலையோரம் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று இருக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. உங்கள் கேள்வி பதிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றால் மன்னிக்கவும்.
*(ஒரு விவசாயி, திசையன்விளை)*

தொடர்பு இல்லாமலா? வந்த கடிதங்களிலேயே இலட்சிய நிலையத்தைப் பற்றிய கடிதம் உங்களுடையதுதான்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கல் தூண்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் லேசாக முழங்காலை மடக்கி, சுமையை அந்தக் கல்லின் மேல் நகர்த்திவிட்டு, கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கி, திரும்பத் தலையை உள்ளே கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார். இறக்கிவிட ஆள் வேண்டாம், தூக்கிவிடவும் ஆள் வேண்டாம். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். பக்கத்தில் ஒரு ஆலமரமோ புளியமரமோ, ஒரு கிணறோ தண்ணீர்ப் பந்தலோ இருக்கும். ராணி மங்கம்மாள் காலத்துச் சாலைகளில், 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சத்திரமும் சாவடியும் மரநிழலும் இருந்தன என்று படிக்கிறோம். அந்த உயரத்தைக் கணக்கிட்டவன் சுமை தூக்கிப் பழகியவனாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போதைய நிலையத்தைப் பாருங்கள். காலை முதல் பஸ்ஸுக்கு வாழை இலைக்கட்டோடு, பூக்கூடையோடு, கருப்பட்டிப் பெட்டியோடு வருகிறார்கள். வைக்க இடம் தரைதான். தரையிலிருந்து தூக்கிவிட “அண்ணாச்சி, ஒரு கை கொடுங்கள்” என்று யாரையாவது தேட வேண்டும். உட்காருவதற்கு வழுக்குகிற இரும்புக் குழாய் இருக்கை. வெயிலில் சுடும், குழந்தையைப் படுக்க வைக்க முடியாது. படுத்துத் தூங்கிவிடுவார்கள் என்று பயந்து அப்படிச் செய்கிறார்களாம். விடியற்காலை பஸ்ஸுக்காக இரவெல்லாம் காத்திருப்பவன் தூங்கினால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு சிமெண்டுத் திண்ணை, நடைமேடைக்கு ஒன்றாகச் சுமைதாங்கி மாதிரி ஒரு கல் மேடை, கூரைக்கு வெளியே வேம்பும் புங்கையும்: இதற்கு வெளிநாட்டு வல்லுநர் வேண்டாம்.

அந்தக் கல்லை எடுக்க வந்தால் சண்டை போடாதீர்கள். பத்தடி தள்ளி, பஸ் நிறுத்தத்தின் நிழலில் நட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அங்கே அதற்கு வேலையும் இருக்கும்.

2023 வெள்ளத்தில் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நிலையம் எங்கே கட்ட வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
*(வாசகர், ஸ்ரீவைகுண்டம்)*

அறிவேன். டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை உங்கள் ஊரில் நிறுத்தினார்கள். அப்பால் செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் வழி அடைபட்டுவிட்டது. மற்றவர்கள் 19-ஆம் தேதி மீட்கப்படும் வரை ரயிலிலும் நிலையத்திலுமாக இருந்தார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுக்கே அரிசி எட்டாத நிலையில், சமைத்துக்கொண்டுவந்து கொடுத்தார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியிலும் ஆற்று வெள்ளம் புகுந்தது.

நிலையத்துக்கு இடம் பார்க்கும்போது எல்லாரும் எவ்வளவு ஏக்கர் என்று கேட்கிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்பதில்லை. வேய்ந்தான்குளம் என்று பெயரிலேயே குளம் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் படித்தாலே போதும், மண் பரிசோதனையில் பாதி முடிந்துவிடும். பேரிடர் நாளில் சனங்கள் முதலில் ஓடி வருவது நிலையத்துக்குத்தான். வண்டி வராவிட்டாலும் விளக்கும் கூரையும் இருக்கும் என்ற நம்பிக்கை. அதனால் தரைமட்டத்திலுள்ள அறையில் ஜெனரேட்டரை வைக்காதீர்கள். மேல்தளத்தில் ஆயிரம் பேர் இரண்டு நாள் தங்குகிற இடமும் குடிநீரும் இருக்கட்டும். மற்ற நாள்களில் அந்த மேல்தளத்தை வண்டி நிறுத்தமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குள் கடைகளே வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுடையது?
*(வாசகர், தச்சநல்லூர்)*

கடை இல்லாத நிலையத்தில் இரவு பத்து மணிக்கு நின்று பாருங்கள், கருத்து மாறிவிடும். டீக்கடை வெளிச்சம் ஒரு காவல்காரர். கடை சுவரோரம் இருக்கட்டும். பஸ்ஸுக்கும் பயணிக்கும் நடுவே வரக் கூடாது. வாடகை உள்ளாட்சிக்கு வருமானம் என்பதால் முதலில் பத்துக் கடை கட்டுவார்கள், பிறகு அந்தப் பத்தும் முன்னால் இரண்டிரண்டடி நீளும், கடைசியில் பயணி பஸ் ஓடும் பாதையில் நிற்பார். பின்னால் வந்துகொண்டிருக்கும் பஸ்ஸுக்கும் கடைப் பலகைக்கும் நடுவில் சிக்கிய ஒரு பெரியவரை நானும் ஒரு நடத்துநரும் இழுத்துப்போட்டிருக்கிறோம். முடிந்தவரை பஸ் பின்னால் வரவே தேவையில்லாத விதத்தில், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி நடைமேடை அமைந்தால் விசிலுக்கும் ஓய்வு, உயிருக்கும் பயமில்லை.

பேருந்து நிலையக் கடிகாரம் எப்போதும் தப்பாகவே ஓடுவது ஏன்? உண்மையைச் சொல்லவும்.
*(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், வண்ணார்பேட்டை)*

அஞ்சல்காரரிடம் பொய் சொல்ல முடியாது. சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு நல்ல கடிகாரத்தைப் பற்றி. சுவிட்சர்லாந்து ரயில் நிலையங்களில் உள்ள கடிகாரத்தை 1944-ல் ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தார். எண்ணே கிடையாது, தடித்த கருப்புக் கோடுகள் மட்டும். பின்னால் சேர்த்த வினாடி முள் சிவப்பு நிறம், நுனியில் ஒரு வட்டம். அந்த முள் ஒரு சுற்றை 60 வினாடிக்குச் சற்று முன்பே முடித்துவிட்டு உச்சியில் வந்து நிற்கும். நடுவிலுள்ள தலைமைக் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் நிமிட முள் ஒரு தாவு தாவும். வினாடி முள் மறுபடி கிளம்பும். ஒவ்வொரு நிமிடமும் எல்லா நிலையங்களும் ஒரு கணம் நின்று ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. இதை ஒரு படத்தில் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் ஜன்னலுக்கு மேலே இருந்தது பழைய சாவிக் கடிகாரம். வாரத்துக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். திங்கட்கிழமை காலை ஸ்டூலில் ஏறி நான்தான் திருத்துவேன். திருத்தும்போது நான்கு நிமிடம் முன்னால் தள்ளி வைப்பேன். பகலில் அவசரமாக ஓடி வருபவர்கள் அதைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் பஸ் நின்றுகொண்டிருக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதில் எனக்கொரு சந்தோஷம்.

மெமோ வந்த பிறகு மட்டும், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஸ்டூலில் ஏறி முள்ளை எட்டு நிமிடம் பின்னால் தள்ளுவேன். வழிச்சீட்டில் அந்தக் கடிகாரத்தின் நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. கடைசிப் பஸ்ஸின் ஓட்டுநர் ஒரு தரம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ சொன்னார். ரயில் வந்ததும் புறப்பட்டுப் போனார்.